புல்லி கடைசியில்தான்: பழைய ஃபோர்டு லைட்னிங் ட்ரக்கைச் சீர்செய்யும் வரிசை

லைட்னிங் வாங்கியவர்கள் முதலில் தேடுவது புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தைத்தான். இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கின் முனையில் இருக்கும் கீழ்ப் புல்லியைக் கொஞ்சம் பெரிதாக்கினால், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் வேகமாகச் சுழலும், அந்தக் காற்றின் அழுத்தமான பூஸ்ட் ஏறும். கைப்பழக்கம் உள்ளவருக்கு அது ஒரு பிற்பகல் வேலை. சாயங்காலமே வண்டி வேறு வண்டியாகி நிற்கும். அதே வண்டி சில மாதம் கழித்து, இன்ஜின் பிளாக்கின் பக்கச் சுவரில் கை நுழையும் அளவு ஓட்டையோடு பட்டறைக்கு இழுத்துவரப்படுவதும் உண்டு. புல்லி கெட்ட பொருள் இல்லை. போட வேண்டிய வரிசையில் அது கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்த வரிசையைப் பற்றியது.

எந்த லைட்னிங் என்று முதலில் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் ஃபோர்டு இந்தப் பெயரை மூன்று முறை பயன்படுத்தியிருக்கிறது. 1993 முதல் 1995 வரை வந்தது 5.8 லிட்டர் வி8, 240 குதிரைத்திறன், சூப்பர்சார்ஜர் கிடையாது. 2022-இல் வந்தது மின்சார ட்ரக். நம் பேச்சு இரண்டுக்கும் நடுவில் உள்ளதைப் பற்றி: 1999 முதல் 2004 வரை ஃபோர்டின் எஸ்.வி.டி. என்ற தனிப் பிரிவிலிருந்து வந்த எஃப்-150 லைட்னிங். 5.4 லிட்டர் ட்ரைட்டன் வி8, சிலிண்டருக்கு இரண்டு வால்வு, மேலே ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர், அதற்கு அடியில் சூடான காற்றைத் தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர். கம்பெனி கொடுத்த பூஸ்ட் 8 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு. முதல் இரண்டு வருடங்களில் 360 குதிரைத்திறன்; 2001 முதல் 380 குதிரைத்திறனும் 610 நியூட்டன் மீட்டர் டார்க்கும். மொத்தம் 28,124 வண்டிகள்தான் செய்தார்கள். 2003-இல் மணிக்கு 147 மைல் ஓடி, உலகின் வேகமான உற்பத்தி பிக்கப் என்ற பெயரை வாங்கியது. சில மாதங்களில் டாட்ஜின் வி10 ட்ரக் அதைத் தட்டிக்கொண்டு போனது.

இவை எல்லாம் கனடாவில், ஒன்டாரியோவின் ஓக்வில் தொழிற்சாலையில் பூட்டப்பட்டவை. டொராண்டோ தமிழர்கள் நெடுஞ்சாலையில் அடிக்கடி கடக்கும் ஊர்தான். அதனால் வாகன எண்ணைப் பார்த்தே அசலைப் பிடித்துவிடலாம். பதினேழு இலக்கத்தில் முதலாவது 2, அதாவது கனடா. எட்டாவது 3, அதாவது சூப்பர்சார்ஜ் செய்த 5.4. பத்தாவது வருடம்: எக்ஸ் என்றால் 1999, ஒய் என்றால் 2000, பிறகு 1, 2, 3, 4. பதினோராவது சி, அந்தத் தொழிற்சாலையின் குறியீடு. லைட்னிங் ஒற்றை கேபினில் மட்டும்தான் வந்தது. நாலு கதவு வண்டியில் லைட்னிங் ஸ்டிக்கர் கண்டால் அது ஹார்லி டேவிட்சன் பதிப்பாக இருக்கலாம். 2002, 2003-இல் அதற்கும் இதே வகை இன்ஜின், 340 குதிரைத்திறனோடு வந்தது. அல்லது வெறும் ஸ்டிக்கராகவும் இருக்கலாம்.

அடியில் படுத்துப் பார்ப்பது

பானட்டைத் திறப்பதற்கு முன்னால் அடியில் படுக்க வேண்டும். பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் ஊர்களில் ஓடிய வண்டி என்றால் இன்ஜின் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சேஸிஸ் வேறு கதை சொல்லும். ஒரு சிறு சுத்தியலால் சட்டத்தைப் பின்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும், தகடு தகடாக உதிரும்.

இந்தத் தலைமுறை எஃப்-150-இல் முதலில் போவது பின் லீஃப் ஸ்பிரிங்கைச் சட்டத்தில் பிடிக்கும் ஹேங்கரும் அதன் ஆடும் இணைப்பான ஷேக்கிளும். மண்ணும் உப்புத்தண்ணீரும் தேங்கும் மூலை அது. ஷேக்கிள் போல்ட் ரப்பர் புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். எண்ணெய் அடித்துக் காத்திருந்து, நீளக் குழாய் மாட்டித் திருகினால் புஷ் ரப்பர்தான் முறுகும், போல்ட் அசையாது. நேரத்தை வீணாக்காமல் ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தால் போல்ட்டின் இரண்டு பக்கத்தையும் அறுத்து எடுத்துவிட்டு, புது போல்ட், புது புஷ், புது ஷேக்கிள் போடுவதே வழி. ஹேங்கர் ரிவெட்டில் இருக்கிறது. ரிவெட் தலையைக் கிரைண்டரால் சீவி, நடுவில் துளையிட்டு, பஞ்ச் வைத்துத் தட்டினால் விழும். புது ஹேங்கரை அதே துளைகளில் கிரேடு 8 போல்ட்டும் லாக் நட்டும் போட்டு இறுக்கலாம். சட்டத்தில் வெல்டிங் வைப்பதைவிட இது மேல். இறுதி இறுக்கம் வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான். ஜாக்கியில் தொங்கும் நிலையில் ஷேக்கிள் போல்ட்டை முறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் புஷ் ரப்பர் நிரந்தர முறுக்கிலேயே நின்று சீக்கிரம் கிழியும்.

பெட்ரோல் டாங்கைத் தாங்கும் பட்டிகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். இந்த வகை எஃப்-150 ட்ரக்குகளின் டாங்க் பட்டிகளுக்காக உப்பு மாநிலங்களில் ஃபோர்டே திரும்ப அழைப்பு விட்டது. பிரேக் மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும் குரூஸ் கன்ட்ரோல் சுவிட்சும் அப்படித்தான்: உள்ளே பிரேக் ஆயில் கசிந்து, வண்டி ஆஃப் நிலையில் நிற்கும்போதே தீப்பிடித்த சம்பவங்களால் லட்சக்கணக்கான ஃபோர்டு வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. வாகன எண்ணைக் கொடுத்து இரண்டு வேலையும் முடிந்ததா என்று கேட்டுவிடுங்கள். முடியாமல் இருந்தால், செய்யும்வரை அந்த வண்டியை வீட்டை ஒட்டி நிறுத்த வேண்டாம்.

இரும்பு பிரேக் குழாய் பொரிந்திருந்தால் ஒட்டுப்போடாமல் முழுக்க மாற்றுங்கள். 3/16 அங்குல செம்பு-நிக்கல் குழாய் கையாலேயே வளையும், துருப்பிடிக்காது, டபுள் ஃபிளேரும் சுலபமாக விழும். ஏ.பி.எஸ். பெட்டிக்குள் காற்றுப் போய்விட்டால் பெடலை எத்தனை முறை மிதித்தாலும் பஞ்சு போலவே இருக்கும். ஸ்கேன் கருவி வைத்துப் பம்பை ஓட்டித்தான் காற்றெடுக்க வேண்டும். வேலை நடக்கும்போது மாஸ்டர் சிலிண்டரை வற்ற விடாமல் பார்த்துக்கொண்டால் இந்தத் தலைவலி வராது.

துருவின் மேல் தார் போன்ற கறுப்புப் பூச்சு அடித்து விற்கப்படும் வண்டிகள் ஏராளம். அது தண்ணீரை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். கத்தி முனையால் சுரண்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

மரை கழன்ற இன்ஜின்

தமிழில் ஒருவரைப் பற்றி மரை கழன்ற கேஸ் என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். ட்ரைட்டன் இரண்டு-வால்வு இன்ஜினுக்கு அது அப்படியே பொருந்தும். அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக் பிடித்திருப்பது ஏறத்தாழ நான்கே மரையில். எரிப்பின் அழுத்தம் பிளக்கை ஒவ்வொரு முறையும் மேலே தள்ள, கொஞ்சம் தளர்ந்த பிளக் ஆடி ஆடி அந்த நான்கு மரையையும் தின்றுவிட்டு, அதன் மேல் உட்கார்ந்து பொறிக்கு மின்சாரம் தரும் காயிலையும் உடைத்துக்கொண்டு வெளியே பாயும். துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம், பிறகு சிலிண்டர் காற்றைக் கக்கும் சத்தம். சாதாரண எஃப்-150-இலேயே நடக்கும் இது, பூஸ்ட் ஏறிய லைட்னிங்கில் நடக்காமல் இருக்குமா? பின்னால் வந்த ஹெட்களில் மரை எண்ணிக்கை கூடியது. உங்கள் வண்டியில் இருப்பது எது என்பது பிளக்கைக் கழற்றிவிட்டு விளக்கடித்துப் பார்த்தால் தெரியும்.

ஆகவே வண்டி வந்ததும் எட்டு பிளக்கும் வெளியே வர வேண்டும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், முதல் நாள் இரவே நிறுத்திவிடுவது நல்லது. ஒவ்வொரு காயிலையும் 7 மி.மீ. தலையுள்ள ஒரு சிறு போல்ட் பிடித்திருக்கும். காயிலை நேராக இழுக்காமல் முதலில் இடமும் வலமும் லேசாகத் திருகினால் ரப்பர் பூட் பிளக்கிலிருந்து விடுபடும். இல்லையென்றால் பூட் கிழிந்து பாதி உள்ளேயே தங்கும். அடுத்து குழிக்குள் காற்றடிக்க வேண்டும். மணல், துரு, காய்ந்த கூலன்ட் எல்லாம் அங்கே கிடக்கும். காற்றடிக்காமல் பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும்.

5/8 அங்குல பிளக் சாக்கெட்டில் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். கொஞ்சம் ஊடுருவும் எண்ணெய் விட்டு அரைமணி காத்திருங்கள். பிறகு முன்னும் பின்னுமாக, கால் சுற்று வெளியே, எட்டில் ஒரு பங்கு உள்ளே என்று கழற்றுங்கள். கரகரப்பு கையில் தெரிந்தால் நிறுத்தி மறுபடி எண்ணெய். பயணி பக்கம் முன்னிருந்து 1 முதல் 4, ஓட்டுநர் பக்கம் 5 முதல் 8. ஃபயர்வாலை ஒட்டிய 4-உம் 8-உம் கண்ணுக்குத் தெரியாது. நீள எக்ஸ்டென்ஷனும் ஆடும் மூட்டும் வைத்துத் தொட்டறிந்துதான் செய்ய வேண்டும். 4-ஆவது குழியைத் தனியாகக் கவனியுங்கள். ஹீட்டர் ஹோஸ் அந்தப் பக்கம்தான் போகிறது. அது கசிந்தால் கூலன்ட் நேராக அந்தக் குழியில் இறங்கும். காயில் பூட்டுக்குள் பச்சைப் படிவு, மிஸ்ஃபயர், புதுக் காயில் போட்டும் அடுத்த மாதம் அதே மிஸ்ஃபயர் என்றால் காயிலைக் குறை சொல்லாதீர்கள், ஹோஸைப் பாருங்கள்.

பழைய கையேடு பிளக்குக்குச் சொன்ன இறுக்கம் 9 முதல் 20 நியூட்டன் மீட்டர். நான்கு மரைக்கு அதன் கீழ்ப்பாதி மிகவும் குறைவு. லைட்னிங் பட்டறைகளில் 25 முதல் 28 வரை வைப்பதுதான் நடைமுறை. ஆனால் டார்க் ரெஞ்ச் வைத்து, குளிர்ந்த ஹெட்டில். கை உணர்வில் இறுக்குவதால்தான் பாதிப் பிளக்குகள் பறக்கின்றன. பூஸ்ட் கூட்டும் எண்ணம் இருந்தால் ஒரு படி குளிர்ந்த பிளக், என்.ஜி.கே. டி.ஆர்.6 போன்றது, இடைவெளி 0.035 அங்குலம். இடைவெளி அதிகமானால் அடர்த்தியான காற்றில் பொறி தாண்ட முடியாமல் முழு வேகத்தில் அணையும்.

மரை ஏற்கெனவே போயிருந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. டைம்-சர்ட் என்ற கெட்டிச் சுவர் எஃகு இன்சர்ட் வண்டியிலேயே போடலாம். சுருள் கம்பி வகை இன்சர்ட் இந்த இடத்துக்கு ஆகாது. அது பிளக்கோடு சேர்ந்தே வெளியே வரும். கிட்டில் உள்ள வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் பழைய மரையை அகற்றும் ரீமர், அடுத்து இன்சர்ட்டின் தோள் உட்காரும் இடத்தைச் சீவும் கட்டர், பிறகு டேப், கடைசியில் இன்சர்ட்டை இறக்கும் டிரைவர். டிரைவர் உள்ளே போகும்போது இன்சர்ட்டின் அடி மரைகளை வெளிப்பக்கம் விரித்து ஹெட்டோடு கடித்துக்கொள்ளச் செய்கிறது. அந்த இறுக்கம் கையில் வராத வரைக்கும் நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்திய இன்சர்ட் அடுத்த முறை பிளக்கோடு சுழலும். அலுமினியத் துருவல்தான் இதில் எதிரி. ரீமர், டேப் இரண்டின் பள்ளங்களிலும் கெட்டி கிரீஸ் அப்பி, இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி அப்ப வேண்டும். முடிந்ததும் அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும் நிலைக்கு கிராங்கைத் திருப்பி, பிளக் துளை வழியாகக் காற்றடித்தால் மிச்சம் எக்ஸாஸ்ட் வழியாகப் போகும். போர்ஸ்கோப் என்ற சிறு கேமராவை விட்டு பிஸ்டன் தலையைப் பார்த்த பிறகே பிளக்.

வாளியால் இறைக்கும் எந்திரம்

ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர், பட்டறைப் பேச்சில் பிளோயர், ரூட்ஸ் வகை. உள்ளே இரண்டு முறுக்கிய ரோட்டர்கள். ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.8 லிட்டர் காற்றைத் தள்ளும். இது காற்றைத் தனக்குள்ளே அமுக்குவதில்லை. கிணற்றில் வாளியால் இறைப்பது போல, ஒரு பக்கம் மொண்டு மறுபக்கம் கொட்டுகிறது. கொட்டும் இடம் ஏற்கெனவே அழுத்தத்தில் நிறைந்திருப்பதால் அந்தக் காற்று வாளிக்குள் திரும்பப் பாய்ந்து அமுக்குகிறது. இந்த எதிர்ப்பாய்ச்சலில்தான் வீண் வெப்பம் பிறக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிக்காற்று 30 டிகிரி, பூஸ்ட் 8 பி.எஸ்.ஐ., பிளோயரின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால் காற்று 67 டிகிரி சூடேறி 97-க்கு வரும். அதே பிளோயரை வேகமாகச் சுழற்றி 14 பி.எஸ்.ஐ. வாங்கினால் திறனும் 55-க்கு இறங்கும். காற்று 146 டிகிரி. இன்டர்கூலருக்குப் போகும் சுமை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பூஸ்ட் மீட்டரில் முள் ஏறுவதைப் பார்த்துக் குதிக்கிறவர்கள் இந்த எண்ணையும் பார்க்க வேண்டும்.

பிளோயரைச் சீர்செய்வது பயப்படும் வேலை இல்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றுங்கள். வழுவழுவென்று, லேசான தடையோடு சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடினால், புல்லி மாட்டியிருக்கும் முன்முனையான மூக்கின் பேரிங் போயிற்று. முன்னும் பின்னும் திருப்பும்போது சிறு இடைவெளியும் "டக்" சத்தமும் இருந்தால் கப்ளர். மூக்கின் தண்டையும் ரோட்டர் கியரையும் இணைப்பது ஒரு பிளாஸ்டிக் வட்டு. அதன் துளைகளில் இரண்டு பக்கத்து ஊசிகளும் நுழைந்திருக்கும். வருடக்கணக்கில் துளைகள் முட்டை வடிவமாகித் தேய்ந்துவிடும். ஐட்லிங்கில் டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுவது போலக் கேட்டு, ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டதும் மறையும் சத்தம் இதுதான். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கான்ராடு தட்டுகிறது என்று பயந்து இன்ஜினை விலைபேசுகிறவர்கள் முதலில் இதைப் பார்த்திருக்கலாம்.

மாற்ற, நிரப்பும் பிளக்கைத் திறந்து பழைய எண்ணெயைச் சிரிஞ்சும் மெல்லிய குழாயும் வைத்து உறிஞ்சுங்கள். கீழே வடிக்கத் தனித் துளை கிடையாது. மூக்கின் போல்ட்டுகளைக் கழற்றி ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் சீலன்ட் விடும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பினால் அலுமினிய முகத்தில் கீறல் விழுந்து பிறகு ஆயுளுக்கும் கசியும். புது கப்ளர், புது சீல், முகத்தில் மெல்லிய கோடாக சீலன்ட். தடிமனாக வைத்தால் உள்ளே பிதுங்கிக் கட்டிகளாக எண்ணெயில் மிதக்கும். எண்ணெய் சூப்பர்சார்ஜருக்கென்று விற்கும் செயற்கை எண்ணெய்தான். நாற்றம் குமட்டும், அது இயல்பு. வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையின் கீழ் மரை வரை ஊற்றுங்கள். அதிகமாக ஊற்றினால் நுரைத்துச் சீலைத் தள்ளும்.

பைபாஸ் வால்வை மறக்க வேண்டாம். ஐட்லிங்கில் வெற்றிடம் அதைத் திறந்துவைக்கும், ஆக்சிலேட்டரை அழுத்தினால் மூடும். டயஃப்ரம் கிழிந்தாலோ கம்பி சிக்கித் திறந்தே நின்றாலோ பூஸ்டே வராது. கை வெற்றிட பம்பால் இழுத்துப் பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். புல்லி மாற்றியும் பூஸ்ட் ஏறவில்லை என்று புலம்பும் வண்டிகளில் ஒரு பங்கு இதுவே. மறு பங்கு பெல்ட் வழுக்கல்: நடு வேகத்தில் பூஸ்ட் சரியாக ஏறி, மேலே போகப் போகச் சரிந்தால், புல்லியைச் சுற்றிக் கறுப்புப் பொடி படிந்திருந்தால், பெல்ட் பிடிக்கவில்லை. கூடுதல் ஐட்லர் போட்டு, பெல்ட் பிளோயர் புல்லியைச் சுற்றிக்கொள்ளும் கோணத்தைக் கூட்ட வேண்டும். டென்ஷனரை மட்டும் முறுக்கினால் மூக்கு பேரிங்தான் சாகும்.

இன்டர்கூலர் சுற்றுக்குத் தனி நீர், தனி மின் பம்பு, முன்னால் தனி ரேடியேட்டர். பம்பு செத்தால் விளக்கு எதுவும் எரியாது. கோடையில் வண்டி மந்தமாகும், அவ்வளவுதான். குளிர்ந்த இன்ஜினை ஓடவிட்டு இன்டர்கூலர் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் சுழல வேண்டும். அசையாமல் நின்றால் பம்பு அல்லது காற்றுப்பூட்டு. தொட்டியில் அளவு குறைந்துகொண்டே போய் வெளியே எங்கும் கசிவு தெரியவில்லை என்றால் உடனே வண்டியை நிறுத்துங்கள், ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். கோர் உள்ளே கசிகிறது. அந்தத் தண்ணீர் மேனிஃபோல்டு வழியாகச் சிலிண்டருக்குத்தான் போகும். தண்ணீர் அமுங்காது, கான்ராடு வளையும். பிளோயரைக் கழற்றிய எந்தச் சமயத்திலும் கோரை வெளியே எடுத்து, ஒரு வாயை அடைத்து, மறு வாயில் 15 பி.எஸ்.ஐ. காற்று கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடித்துப் பார்த்துவிடுங்கள். குமிழி வந்தால் கோர் போயிற்று.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட்டுகள் ஒடிந்திருக்கும். ஒடிந்திருக்கலாம் என்று சொல்லவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் நிற்பது அதுதான். ஒடிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து, சூடு ஆறும்போது திருகினால் வரும். பக்கத்துக்கு எட்டு ஸ்டட். எல்லாவற்றையும் ஒரே தடவையில் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றிவிடுங்கள்.

கான்ராடு சொல்லும் எல்லை

இனி பூஸ்ட். கீழ்ப் புல்லிகளைக் கடையில் 2, 4, 6, 8 பவுண்டு என்று விற்பார்கள், கம்பெனி பூஸ்டுக்கு மேல் எவ்வளவு கூடும் என்ற கணக்கில். மேல் புல்லி அழுத்திப் பொருத்தியது, அதற்குரிய புல்லர் இல்லாமல் தொட்டால் மூக்கு கெடும். அதனால்தான் எல்லோரும் கீழ்ப் புல்லிக்குப் போகிறார்கள். கிராங்க் புல்லியின் விட்டத்தை பிளோயர் புல்லியின் விட்டத்தால் வகுத்து, இன்ஜின் சுற்றால் பெருக்குங்கள். விகிதம் 2.4, இன்ஜின் 5,500 என்றால் ரோட்டர் 13,200. எம்112-க்கு 12,000-க்கு மேல் போகப் போகக் காற்றைவிட வெப்பமே அதிகம்.

அதற்கு முன் எரிபொருள் கணக்கு. கம்பெனி இன்ஜெக்டர் மணிக்கு 42 பவுண்டு. எட்டும் சேர்ந்து 336. எப்போதும் திறந்தே கிடக்கக் கூடாது என்பதால் 85 சதவீதம் எடுத்தால் 286. சூப்பர்சார்ஜ் இன்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.62 பவுண்டு பெட்ரோல் குடிக்கும். வகுத்தால் கிராங்கில் 460 குதிரைத்திறன். கம்பெனி கொடுத்த 380-க்கும் இதற்கும் இடையில் உள்ளதுதான் உங்கள் சேமிப்பு. 2 அல்லது 4 பவுண்டு புல்லியை இது தாங்கும். 6 பவுண்டு போட்டால் 60 பவுண்டு இன்ஜெக்டரும், டாங்குக்குள் இருக்கும் இரண்டு பம்புகளுக்கும் பெரிய மாற்றும் சேர்த்து வாங்க வேண்டும்.

அடுத்த சுவர் காற்றளவு சென்சார். 2001 முதல் 90 மி.மீ. வகை வருகிறது, அதற்கு முன் 80. சென்சார் 5 வோல்ட்டைத் தொட்டபிறகு எவ்வளவு காற்று வந்தாலும் கணினிக்கு அதே 5 வோல்ட்தான். காற்று கூடும், பெட்ரோல் கூடாது, கலவை ஒல்லியாகும், பிஸ்டன் உருகும். ஆகவே புல்லியும், கணினியின் பெட்ரோல், பொறிக் கணக்கைத் திருத்தும் ட்யூனும் ஒன்றாகத்தான் வர வேண்டும். புல்லியை இன்று போட்டுவிட்டு ட்யூனை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த வண்டியில் நடக்காது. ட்யூன் ஏற்றிய சிப்பைக் கணினியின் முதுகில் உள்ள ஜே3 துறையில் வைப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தொடுமுனைகளில் பூசியிருக்கும் பாதுகாப்புப் பூச்சைப் பொறுமையாக முழுக்கத் துடைக்க வேண்டும். பாதி துடைத்தால் வண்டி சில நாள் ஓடும், சில நாள் ஸ்டார்ட் ஆகாது.

எல்லாம் சரியாக வைத்தும் மிஞ்சுவது கான்ராடு. இந்த இன்ஜினின் போர் 90.2 மி.மீ., ஸ்ட்ரோக் 105.8 மி.மீ. துளையைவிட நீளம் அதிகம், ட்ரக் இன்ஜினுக்கே உரிய உடம்புவாகு. 5,500 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 19.4 மீட்டர். மேலே முறுக்கி எடுப்பதற்கு இது பிறக்கவில்லை. கீழ்ச் சுற்றில் டார்க்கைக் கொட்டப் பிறந்தது. ஆனால் கம்பெனி கான்ராடு உலோகப் பொடியை அழுத்திச் செய்தது. கீழ்ச் சுற்றில் பூஸ்ட் முழுதாக ஏறும்போது ஒவ்வொரு எரிப்பும் ராடை நிற்கவைத்து அமுக்குகிறது. நாக்கிங், அதாவது கலவை நேரம் தப்பி வெடிப்பது, ஒன்று சேர்ந்தால் முதலில் லேசாக வளையும், பிறகு ஒரு நாள் ஒடிந்து பிளாக்கைக் கிழிக்கும். சக்கரத்தில் அளந்து 450 குதிரைத்திறன் என்பதே பல பட்டறைகள் போடும் கோடு. அதைத் தாண்ட ஆசை என்றால் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு ராடும் பிஸ்டனும் போட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும். இன்ஜினைத் திறந்தபின் ஆயில் பம்பின் கியர்களையும், முழு எஃகுக் கட்டியில் கடைந்த பில்லட் வகைக்கு மாற்றுங்கள். பொடியில் செய்த பழைய கியர் ரெவ் லிமிட்டரில் முட்டும்போது சிதறும். ஹெட் போல்ட் ஒருமுறை இழுபட்டு இறுகும் வகை, பழையதை மறுபடி போடக் கூடாது.

பிளோயரையே மாற்றுகிறவர்கள் கென்னி பெல் அல்லது விப்பிள் கம்பெனியின் ஸ்க்ரூ வகைக்குப் போவார்கள். அது காற்றை உள்ளேயே அமுக்கித் தருவதால் அதே பூஸ்டுக்கு வெப்பம் குறைவு. நல்ல பொருள். ஆனால் பழைய கான்ராடின் மேல் அதைப் போடுவது, கூரை ஒழுகும் வீட்டுக்கு ஏ.சி. வாங்குவது மாதிரி.

கியர்பாக்ஸ் 4ஆர்100. மொத்தம் 16 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். பேனை மட்டும் இறக்கினால் பாதிகூட வராது, மிச்சம் டார்க் கன்வெர்ட்டரில். பேனின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பு, மினுமினுக்கும் துகள் என்றால் பிரித்தாக வேண்டும். பிரித்தால் கூலரையும் கழுவுங்கள் அல்லது மாற்றுங்கள். பழைய துகள் அங்கே ஒளிந்திருந்து புது கியர்பாக்ஸைக் கொல்லும். பின் ஆக்ஸில் 9.75 அங்குலம், கெட்டியானது. முதல் இரண்டு வருடம் 3.55, பிறகு 3.73 விகிதம். 75டபிள்யூ-140 செயற்கை எண்ணெயோடு 118 மி.லி. ஃபிரிக்ஷன் மாடிஃபையரும் ஊற்ற வேண்டும். அதை விட்டுவிட்டால் திருப்பத்தில் பின்பக்கம் குதித்து முனகும். ஊற்றிய பிறகு காலி மைதானத்தில் எட்டுப் போட்டுப் பத்துச் சுற்று ஓட்டினால் கிளட்ச் தட்டுகளுக்குள் எண்ணெய் இறங்கும்.

டயர் 295/45 ஆர்18. இந்த அளவில் தேர்வு குறைந்துபோனதால் பலர் 20 அங்குல சக்கரத்துக்கு மாறுகிறார்கள். 285/40 ஆர்20 போட்டால் விட்டம் 723-லிருந்து 736 மி.மீ. ஆகும், ஸ்பீடோமீட்டர் ஏறக்குறைய 2 சதவீதம் குறைத்துக் காட்டும், ட்யூனில் திருத்திவிடலாம். போல்ட் வட்டம் 5 துளை, 135 மி.மீ. என்பதைச் சொல்லி வாங்குங்கள், வேறு போல்ட் வட்டமுள்ள சக்கரம் ஏறாது.

எல்லாம் பூட்டியபின் முதல் ஓட்டம் மூன்றாம் கியரில், 2,500 சுற்றிலிருந்து, பக்கத்தில் ஒருவர் லேப்டாப்போடு. டாஷ்போர்டில் இருக்கும் கம்பெனி பூஸ்ட் முள்ளை நம்ப வேண்டாம், தனி மீட்டர் வையுங்கள். எக்ஸாஸ்டை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரில் காற்று-பெட்ரோல் கலவை விகிதம் முழு ஆக்சிலேட்டரில் 11.5-ஐ ஒட்டி நிற்க வேண்டும். 12-ஐத் தாண்டினால் காலை எடுங்கள். பம்பில் 91 என்று போட்டிருக்கும் பெட்ரோலைத்தான் ஊற்றியிருக்க வேண்டும். அமெரிக்காவும் கனடாவும் ஆக்டேனை வேறு முறையில் கணக்கிடுவதால் அது நம் ஊர் எண்ணில் 95-ஐ ஒட்டி வரும். இரண்டு ஓட்டம் முடிந்ததும் வண்டியை ஆறவிட்டு 4-ஆவது பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். மிளகுப்பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளிகளோ மின்னும் அலுமினியப் பொட்டுகளோ இருந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. இரண்டு டிகிரி டைமிங்கைக் குறைத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.